மஞ்சள் விளக்கு அறையில் பரம எதிரிகள்

2012 ஆகஸ்ட். தைவானின் டிஎஸ்எம்சியும் தென் கொரியாவின் சாம்சங்கும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது. தன்னிடம் வேலை பார்த்த மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர் மூலமாகத் தொழில் ரகசியங்கள் சாம்சங்குக்குப் போகின்றன என்று சொல்லி, முந்தைய ஆண்டுதான் டிஎஸ்எம்சி நீதிமன்றப் படி ஏறியிருந்தது. ஐபோனுக்குள் போகும் முதன்மை சிப்பைச் செய்து தரும் வேலை அப்போது சாம்சங் கையில். அதை எப்படியாவது தன் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று டிஎஸ்எம்சி துடித்துக்கொண்டிருந்தது. இந்த இருவரையும் சற்று உயரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் இன்டெல். அன்றைக்கு சிப் உலகின் முடிசூடா மன்னன் அதுதான்.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது! ஜூலையில் இன்டெல் வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் டிஎஸ்எம்சி. ஆகஸ்ட் முடிவதற்குள் சாம்சங். மூன்று பேரும் நெதர்லாந்தில் ஃபெல்ட்ஹோவன் என்ற சின்ன ஊரில், ஏஎஸ்எம்எல் என்ற ஒரே கம்பெனியின் வாசலில் வந்து நின்றார்கள். சும்மா வரவில்லை, பணப்பெட்டியோடு வந்தார்கள். ஆராய்ச்சிச் செலவுக்கென்று மட்டும் மூவரும் சேர்ந்து 138 கோடி யூரோ தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள். அது போதாதென்று ஏஎஸ்எம்எல் கம்பெனியின் 23 சதவீதப் பங்குகளையும் 385 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். இன்டெல் 15, டிஎஸ்எம்சி 5, சாம்சங் 3 சதவீதம்.

எதற்கு? இன்னும் ஒழுங்காக ஓடாத ஒரு மெஷினுக்காக!

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவே இல்லை. கோர்ட்டில் மோதிக்கொள்கிறவர்கள், ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் கொத்திக்கொண்டு போகக் காத்திருப்பவர்கள், ஆராய்ச்சி என்று வந்தால் மட்டும் ஏன் ஒரே உண்டியலில் காசு போடுகிறார்கள்? நல்ல மனதால் இல்லை. அதைவிட எவ்வளவோ சுவாரஸ்யமான காரணங்கள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த மெஷின். அதைப் பார்த்துவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சிப் என்பது அடிப்படையில் அச்சடித்த பொருள். சிலிக்கான் தகடு ஒன்றின்மேல் ஒளிக்கு மாறக்கூடிய ஒரு ரசாயனத்தைப் பூசி, அதன்மேல் ஒளியால் கோலத்தை விழச் செய்வார்கள். கோடு மெலிய வேண்டுமானால் ஒளியின் அலைநீளமும் குறைய வேண்டும். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவந்தது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அதை வைத்து என்னென்ன வித்தை செய்ய முடியுமோ அத்தனையும் செய்து பார்த்தாகிவிட்டது. இதற்கு மேல் மெலிய வேண்டுமானால் ஒரே தாவலாக 13.5 நானோமீட்டருக்குப் போக வேண்டும். ஈயூவி என்று தொழிலில் சொல்வது இந்த ஒளியைத்தான்.

இந்த ஒளியிடம் ஒரு கெட்ட குணம். கண்ணாடி லென்ஸ் வைத்தால் லென்ஸே அதை விழுங்கிவிடும். காற்றும் விழுங்கிவிடும். ஆகவே மெஷினின் உட்புறம் முழுக்க வெற்றிடமாக இருக்க வேண்டும். லென்ஸுக்குப் பதில் ஆடிகள் வேண்டும். அதெல்லாம் இருக்கட்டும், இப்படியொரு ஒளிக்கு பல்பு எங்கே கிடைக்கும்?

இங்கேதான் எனக்குத் தலை சுற்றும்! வெள்ளீயத்தை உருக்கி, தலைமுடியின் தடிமனைவிடச் சின்னத் துளிகளாகச் சொட்டவிடுகிறார்கள். நம் வீட்டில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, அதே வெள்ளீயம். ஒரு நொடிக்கு 50,000 துளிகள். ஒவ்வொரு துளியும் பறந்துகொண்டிருக்கும்போதே லேசர் அதை இரண்டு முறை சுட வேண்டும். முதல் அடியில் துளி தட்டையாகிறது. இரண்டாவது அடி பலமான அடி. துளி அப்படியே ஆவியாகி, சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடான பிளாஸ்மாவாகி, நமக்கு வேண்டிய 13.5 நானோமீட்டர் ஒளியைக் கக்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு ஒரு லட்சம் அடி, ஒன்றுகூடக் குறி தப்பக்கூடாது, இரவும் பகலும்.

அந்த ஒளியைச் சேகரித்துத் தகடுவரை கொண்டுபோகும் ஆடிகளைச் செய்பவர்கள் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியினர். மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறி, சில நானோமீட்டர் தடிமனில் அடுக்கடுக்காகப் படிந்தவை அவை. அந்த ஆடியை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினால், அதில் இருக்கும் மிகப் பெரிய மேடுகூட 0.1 மில்லிமீட்டர்தான் இருக்குமாம். ஸைஸ்காரர்களே பெருமையாகச் சொல்வது இது. இவ்வளவு பாடுபட்டும் ஓர் ஆடி திருப்பித் தருவது விழுந்த ஒளியில் சுமார் 70 சதவீதம்தான். பத்துப் பதினோரு ஆடிகளில் பட்டுத் திரும்புவதற்குள் மிஞ்சுவது வெறும் 2 சதவீதம்! அந்த இரண்டு சதவீதத்தை வைத்துக்கொண்டுதான் இன்றைய புதிய போன்களின் மூளை அச்சாகிறது.

லேசரைச் செய்வது ஜெர்மனியின் இன்னொரு கம்பெனி, ட்ரம்ப்ஃப். துளி சொட்டும் ஒளிமூலத்தைச் செய்தது அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள சைமர். அதை 2013-ல் ஏஎஸ்எம்எல் வாங்கியே விட்டது. மெஷினின் எடை சுமார் 180 டன். அனுப்பும்போது 40 கன்டெய்னர், 20 லாரி, 3 சரக்கு விமானம் வேண்டும்.

இப்போது இன்டெல் முதலாளியின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இந்த மெஷினை ரகசியமாக, தனக்கு மட்டும் செய்துகொள்ளலாமா? ஸைஸ் உங்கள் ஒருவருக்காகவா புதுத் தொழிற்சாலை கட்டும்? ட்ரம்ப்ஃப் உங்கள் ஒருவருக்காகவா லேசரைத் திருத்தி அமைக்கும்? வருஷத்துக்கு நாலைந்து மெஷின் வாங்கும் ஒரே வாடிக்கையாளரை நம்பி எந்த மெஷின் கம்பெனியும் பிழைக்க முடியாது. எதிரியும் வாங்கினால்தான் உங்களுக்கே மெஷின் கிடைக்கும்! இந்தத் தொழிலின் ஆகப் பெரிய உண்மை இதுதான் என்பேன். செலவைப் பகிர்வது, ஆபத்தைப் பகிர்வது எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

இந்த ஞானம் 2012-ல் திடீரென்று வந்ததில்லை. கொஞ்சம் பின்னால் போவோம், கதை அங்கே இன்னும் ருசியானது.

ஜப்பானின் என்டிடி நிறுவனத்தில் ஹிரூ கினோஷிதா என்ற ஆராய்ச்சியாளர், இந்த வகைக் கதிரை ஆடிகளால் திருப்பிப் படம் அச்சடிக்க முடியும் என்று 1986-ல் ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அவையினர் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலும் லிவர்மோர் தேசிய ஆய்வகத்திலும் அதே திசையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பிறகு 1996-ல் அமெரிக்க அரசு இந்த ஆராய்ச்சிக்கான பணத்தை நிறுத்தியது. அத்தனை வருஷ உழைப்பும் மூட்டை கட்டப்பட வேண்டிய நிலை.

அப்போது இன்டெல் குறுக்கே வந்தது. 1997-ல் ஈயூவி எல்எல்சி என்று ஒரு கூட்டமைப்பு உருவானது. லிவர்மோர், பெர்க்லி, சாண்டியா ஆகிய மூன்று தேசிய ஆய்வகங்களின் விஞ்ஞானிகளுக்கு இனி கம்பெனிகள் படியளக்கும். மொத்தம் சுமார் 25 கோடி டாலர். சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? இன்டெல், மோட்டரோலா, ஏஎம்டி! இன்டெலும் ஏஎம்டியும்! 1987-ல் தொடங்கிய அவர்களுடைய சட்டச் சண்டை 1995-ல்தான் ஒரு வழியாகச் சமரசத்துக்கு வந்திருந்தது. அடுத்த இரண்டே வருஷத்தில் ஒரே ஆராய்ச்சிக்கு இருவரும் காசோலை எழுதுகிறார்கள். பின்னால் மைக்ரான், இன்ஃபினியான், ஐபிஎம் ஆகியவையும் சேர்ந்தன.

அந்தக் காலத்தில் இன்னொரு பயமும் எல்லாரையும் ஆட்டியது. அடுத்த தலைமுறை அச்சு முறை எது என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்-ரே என்றது ஒரு கூட்டம். எலெக்ட்ரான் கற்றை என்றது இன்னொன்று, அயனிக் கற்றை என்றது மற்றொன்று. 157 நானோமீட்டர் ஒளியே போதும் என்றவர்களும் உண்டு. ஒவ்வொன்றும் பல கோடி டாலர் விழுங்கக்கூடிய குதிரை. தவறான குதிரையில் தனியாகப் பணம் கட்டினால் கம்பெனியே படுத்துவிடும். எல்லாரும் சேர்ந்து கட்டினால், தோற்றாலும் எல்லாரும் ஒன்றாகவே தோற்பார்கள், யாரும் யாரையும் முந்திவிட மாட்டார்கள். போட்டியாளர்களுக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்?

1999-ல் ஏஎஸ்எம்எல் உள்ளே வந்தது. அன்றைக்கு இந்த மெஷின் தொழிலில் ஜப்பானின் நிக்கான்தான் பெரிய பெயர். ஆனால் அமெரிக்க அரசுப் பணத்தில் விளைந்த அறிவு ஜப்பானுக்குப் போகக்கூடாது என்ற எண்ணம் வாஷிங்டனில் பலமாக இருந்தது. கதவு டச்சுக்காரர்களுக்கே திறந்தது. பிலிப்ஸின் வளாகத்தில் ஒழுகும் கொட்டகையில் 1984-ல் தொடங்கிய கம்பெனி ஏஎஸ்எம்எல். இன்றைக்கு ஈயூவி மெஷின் விற்க உலகத்தில் வேறு ஆளே கிடையாது.

அமெரிக்காவுக்கு ஜப்பான்மேல் ஏன் அவ்வளவு பயம்? அதற்கும் ஒரு கூட்டு ஆராய்ச்சிதான் காரணம்! 1976-ல் ஜப்பான் அரசு, ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, என்இசி, தோஷிபா என்ற ஐந்து ஜென்மப் பகையாளிகளை ஒரு கூரையின்கீழ் உட்காரவைத்தது. கவாசாகியில், என்இசியின் ஆய்வக வளாகத்திலேயே இடம். செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அரசுடையது. ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் வந்த பொறியாளர்கள், மொத்தம் சுமார் நூறு பேர்.

எப்படி இருந்திருக்கும் முதல் நாள்? பக்கத்து மேசையில் இருப்பவர் நாளைக்கு உங்கள் சந்தையைப் பிடிக்கப் போகிறவர். வாயைத் திறந்தால் கம்பெனி ரகசியம் கொட்டிவிடுமோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். இந்தப் பனியை உடைக்கும் வேலை மசாதோ நெபாஷி என்ற முன்னாள் அரசு அதிகாரியின் தலையில் விழுந்தது. அவர் கையாண்ட உத்தி என்ன தெரியுமா? சாயங்காலமானால் பொறியாளர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார், பேசவைப்பார்! அறிவியல் வரலாற்றில் இவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்று மனதார நம்புகிறேன். யசுவோ தருயி என்ற விஞ்ஞானி ஆராய்ச்சியை வழிநடத்தினார். நெபாஷி மனிதர்களை வழிநடத்தினார். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அந்த வண்டி நகர்ந்திருக்காது.

எதைச் சேர்ந்து ஆராய்வது என்பதில் அவர்கள் போட்ட எல்லைக்கோடுதான் அதைவிடப் புத்திசாலித்தனம். சிப்பின் வடிவமைப்பு அவரவர் கம்பெனிக்கு. கூட்டு ஆய்வகத்தில் நுண்ணிய கோடுகளை வரையும் கருவிகள், சிலிக்கான் படிகத்தின் தரம், சோதனை முறைகள் போன்ற எல்லாருக்கும் பொதுவான தலைவலிகள் மட்டும். 1980-ல் திட்டம் முடியும்போது சுமார் ஆயிரம் காப்புரிமைகள் கையில். அடுத்த ஐந்தே ஆண்டில் நினைவக சிப் சந்தையில் ஜப்பான் ஏறி உட்கார்ந்தது. 1985-ல் இன்டெல், தான் பிறந்த தொழிலான டிராம் நினைவக சிப்பையே கைவிட்டு ஓடியது.

அடி வாங்கிய அமெரிக்கா அதே மருந்தைத் தானும் குடித்தது. போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசினாலே குற்றம் என்று பார்க்கும் சட்டத்தை 1984-ல் கூட்டு ஆராய்ச்சிக்காகத் தளர்த்தினார்கள். 1987-ல் 14 கம்பெனிகள் சேர்ந்து செமாடெக் பிறந்தது. இடம் டெக்ஸாஸின் ஆஸ்டின். அரசு வருஷத்துக்கு 10 கோடி டாலர் தந்தது. முதல் தலைவர் வேறு யாருமில்லை, இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரும் சிப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவருமான ராபர்ட் நாய்ஸ். அங்கேயும் தொடக்கத்தில் யாரும் தங்கள் நல்ல சரக்கை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் ஒத்துப்போன புள்ளி எது? சிப் செய்வதைப் பற்றிப் பேச வேண்டாம், நமக்கு மெஷின் விற்பவர்களைச் சேர்ந்து தூக்கிவிடுவோம்! மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், பாருங்கள்.

சரி, நான் இவ்வளவு நேரம் காத்திருந்த கதவுக்கு வந்துவிட்டோம். பெல்ஜியத்தின் லூவன் நகரம். பல்கலைக்கழக ஊர். 1984-ல் ஃபிளாண்டர்ஸ் வட்டார அரசின் பணத்தில், ரோஜர் வான் ஓவர்ஸ்ட்ராட்டன் என்ற பேராசிரியரின் தலைமையில் எழுபது பேரோடு தொடங்கிய ஐமெக் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. இன்று அங்கே 5,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி எல்லாரும் இதன் ஆராய்ச்சித் திட்டங்களில் பங்காளிகள். உலக சிப் யுத்தத்தின் எல்லாப் படைகளும் வந்து தங்கும் நடுநிலை மண் இது.

அங்கே கிளீன் ரூம் எனப்படும் தூசி அண்டாத அறைக்குள் நுழையும் சடங்கைப் பாருங்கள். பவுடர், மை, உதட்டுச் சாயம் எதுவும் ஆகாது. தலைமுடியை மூடும் தொப்பி, முகமூடி, தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முழங்கால் உயரக் காலுறை, கையுறை. கண்கள் மட்டும்தான் தெரியும். அந்த உடுப்புக்குள் இருப்பவர் சாம்சங்கா இன்டெலா என்று தூரத்திலிருந்து யாரால் சொல்ல முடியும்? உள்ளே ஒளிரசாயனம் கையாளும் பகுதி முழுவதும் மஞ்சள் விளக்கு. நீல ஒளியும் புற ஊதாவும் பட்டால் அந்த ரசாயனம் கெட்டுவிடும் என்பதால், எந்நேரமும் அந்திவெயில் போன்ற வெளிச்சம். தலைக்கு மேலே தண்டவாளம். அதில் 25 தகடுகள் அடங்கிய மூடிய பெட்டிகள் மெஷினிலிருந்து மெஷினுக்குத் தாமாகவே ஊர்ந்து போகும்.

பங்காளிக் கம்பெனிகள் தங்கள் பொறியாளர்களை இங்கே அனுப்பி மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தங்கவைக்கின்றன. சம்பளம் தாய்க் கம்பெனியில். வேலை ஐமெக் குழுவோடு. பகையாளியின் ஆளோடு சேர்ந்து ஒரே பிரச்சினைக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படி என்ன பிரச்சினை? ஒன்றைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. ஈயூவி ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் பழைய 193 நானோமீட்டர் ஃபோட்டானைவிட 14 மடங்கு ஆற்றல் கொண்டது. கேட்கும்போது நன்றாக இருக்கிறது, இல்லையா? அதுதான் வினை! அதே அளவு ஆற்றலைக் கொடுக்க 14-ல் ஒரு பங்கு ஃபோட்டான்கள் போதும் என்றாகிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்தால் அவை சீராக விழாது. ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக, அடுத்த இடத்தில் கொஞ்சம் குறைவாக விழும். கோடிக்கணக்கான சின்னத் துளைகளில் எங்கோ ஒன்று திறக்காமலே போய்விடும். எங்கோ இரண்டு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு துளை பழுதானாலும் சிப் குப்பைக்குத்தான். இது சாம்சங்கின் தவறில்லை, இன்டெலின் தவறில்லை, இயற்கை இப்படித்தான். எந்த ரசாயனக் கலவை இதைத் தாங்கும் என்று தேட வேண்டும். நூறு கலவையில் தொண்ணூறு தோற்கும். அந்தத் தொண்ணூறு தோல்வியையும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக, பூட்டிய அறைக்குள், சொந்தக் காசில் பட்டுத் தெரிந்துகொள்வதா? ஒரே ஒரு முறை சேர்ந்து தோற்றுவிட்டால் எவ்வளவு மிச்சம்! ‘போட்டிக்கு முந்தைய ஆராய்ச்சி’ என்று இதற்குத் தொழிலில் பெயர். சந்தைக்குப் பல வருஷம் முன்னால், இன்னும் யாருடைய பண்டமாகவும் மாறாத அறிவு.

கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் எந்தக் கூட்டாளிகளையும் பிரிக்கும். ஐமெக்கின் சாமர்த்தியம் முழுவதும் அங்கேதான். சொத்தை மூன்று வகையாகப் பிரித்துவைத்தார்கள். ஆர்-0 என்றால் ஐமெக்குக்கு மட்டும் சொந்தம். பங்காளிகள் உரிமம் பெற்றுப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆர்-1 என்றால் ஐமெக்கும் அந்தப் பங்காளியும் சேர்ந்த உடைமையாளர்கள். ஒருவர் பயன்படுத்தினால் மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆர்-2 என்றால் பங்காளிக்கு மட்டும் சொந்தம். வேறு யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. திட்டத்தில் சேரும்போது நுழைவுக் கட்டணம் உண்டு, ஏனென்றால் அதுவரை அங்கே சேர்ந்த அறிவுக்கு ஒரு விலை இருக்கிறது. பிறகு ஆண்டுக் கட்டணம். ஒவ்வொருவரும் செலுத்துவது மொத்தச் செலவின் ஒரு துண்டு. கிடைப்பது பொதுப் பானையிலிருந்து முழுச் சோறு. இந்த மூன்று வகை ஒப்பந்தத்தை எந்த மெஷினுக்கும் குறையாத கண்டுபிடிப்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

பேசாத விஷயங்களும் உண்டு, கறாராக உண்டு. சொந்தத் தொழிற்சாலையில் நூறு சிப்புக்கு எத்தனை தேறுகிறது என்பதை எவரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். எந்த வாடிக்கையாளருக்கு என்ன சிப் வருகிறது என்பதும், ஆயிரக்கணக்கான படிகள் கொண்ட செய்முறையின் நுணுக்கமும் அப்படியே. எல்லைக்கோடு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம் தைரியமாகக் கலந்து பேச முடிகிறது.

ஏஎஸ்எம்எல் தன் முதல் இரண்டு சோதனை ஈயூவி மெஷின்களை 2006-ல் எங்கே அனுப்பியது? எந்த ஒரு சிப் கம்பெனிக்கும் இல்லை. ஒன்று லூவனில் ஐமெக்குக்கு, இன்னொன்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி ஆய்வகத்துக்கு. எல்லாரும் வந்து தொட்டுப் பார்க்கக்கூடிய இரண்டு பொது இடங்கள்!

ஆனால் மெஷின் முரண்டு பிடித்தது. ஒளி போதவில்லை. தொழிற்சாலையில் ஓட வேண்டுமானால் 250 வாட் வேண்டும் என்பது கணக்கு. 2012-ல் அது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. ஆராய்ச்சிக்கு இன்னும் ஏராளமான பணம் வேண்டியிருந்தது. அப்போதுதான் ஏஎஸ்எம்எல் தன் மூன்று பெரிய வாடிக்கையாளர்களிடம் கை நீட்டியது. நாம் தொடக்கத்தில் பார்த்த அந்தக் கோடைக்காலம் வந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு விதிகள் எனக்கு ரொம்பவே இனிக்கும். ஒன்று: பங்கு வாங்கிய மூவருக்கும், மிக அரிதான சில சந்தர்ப்பங்கள் தவிர, ஓட்டுரிமை கிடையாது. கோடிகளைக் கொட்டலாம், ஆனால் கம்பெனியை ஆட்டிவைக்க முடியாது. இரண்டு: இந்தப் பணத்தில் விளையும் முன்னேற்றம் எந்தத் தடையுமின்றி உலகின் எல்லா சிப் தயாரிப்பாளர்களுக்கும் கிடைக்கும். காசு கொடுக்காதவர்களுக்கும்! இதற்கு ஒப்புக்கொண்டு மூவரும் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், அந்த மெஷின் பிறக்காமல் போய்விடுமோ என்ற பயம் எதிரி மீதிருந்த பயத்தைவிடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும்.

அதே பணத்தில் ஒரு பகுதி இன்னொரு கனவுக்கும் போனது. 300 மில்லிமீட்டர் தகடுக்குப் பதில் 450 மில்லிமீட்டர் தகடு. அது பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஏஎஸ்எம்எல் அதை நிறுத்திவைத்தது. சேர்ந்து தோற்றார்கள், யாரும் மூழ்கவில்லை.

ஈயூவி மட்டும் விடாமல் மேலேறியது. 2017-ல் அந்த 250 வாட்டைத் தொட்டார்கள். 2019-ல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 10 போனுக்குள்ளும், டிஎஸ்எம்சி செய்துகொடுத்த வாவே சிப்புக்குள்ளும் ஈயூவி கோடுகள் வந்துவிட்டன. 2020-ல் ஐபோன் 12. கினோஷிதாவின் பேச்சை அவையினர் நம்ப மறுத்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்டெல் எங்கே? 1997-ல் முதலில் காசோலை எழுதிய இன்டெல், 2012-ல் மற்ற இருவரும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிகம் கொடுத்த இன்டெல்? அதன் முதல் ஈயூவி சிப் கடைக்கு வந்தது 2023-ல்! மெஷின் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை எப்போது நம்பித் தொழிற்சாலையில் இறக்குவது, எப்படிப் பழக்குவது என்பது அவரவர் பாடு. ஆராய்ச்சியைப் பகிர்ந்துகொண்டால் போட்டி செத்துவிடும் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. போட்டி சாகவில்லை; எங்கே போட்டி போடுவது என்பது மட்டும் இடம் மாறியது.

இன்டெல் பாடம் கற்றுக்கொண்டது போலத் தெரிகிறது. இன்னும் நுணுக்கமான கோடு போடும் அடுத்த தலைமுறை ஈயூவி மெஷினின் முதல் பிரதி 2023 டிசம்பரில் ஃபெல்ட்ஹோவனிலிருந்து கிளம்பியபோது, அது போன இடம் இன்டெலின் ஓரிகன் ஆராய்ச்சி மையம். ஆனால் ஆறே மாதத்தில், 2024 ஜூனில், அதே வகை மெஷினோடு ஏஎஸ்எம்எல்லும் ஐமெக்கும் ஃபெல்ட்ஹோவனில் ஒரு கூட்டு ஆய்வகத்தைத் திறந்துவிட்டன. இன்டெலின் எதிரிகளும் தங்கள் தொழிற்சாலைக்கு மெஷின் வருவதற்கு முன்பே அங்கே போய்ப் பழகிக்கொள்ளலாம்.

அடுத்த முறை இரண்டு பெரிய கம்பெனிகள் காப்புரிமைக்காகக் கோர்ட்டில் முட்டிக்கொள்ளும் செய்தி கண்ணில் பட்டால், அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதே வாரத்தில் அந்த இருவரின் பொறியாளர்களும் எந்த ஆய்வகத்தில் ஒன்றாக வேலை செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பாதி நேரம் உங்களுக்கு ஒரு விலாசம் கிடைக்கும்.